தேயிலைப் பெட்டியும் திரும்பாப் பயணமும்: ஊவாவின் ஏற்றுமதிப் பொதிகள் பற்றிய ஒரு நோக்கு

மலையக இலக்கியத்திற் கொழுந்துக் கூடை பெற்ற இடத்தைத் தேயிலைப் பெட்டி பெற்றதில்லை. கூடை தொழிலாளியின் முதுகிலே தொங்குவது. பெட்டியோ தொழிற்சாலை வாசலைக் கடந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடுவது. ஆயினும், உழைப்பின் பயன் சந்தைப் பண்டமாகப் புறப்படுவது அப்பெட்டியினுள்ளேதான். மீளப் பயன்படுத்தத்தக்க பொதியைத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பது வணிகரின் நடைமுறை வினாவாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அதனுள் ஒரு சமூக வினாவும் அடங்கியுள்ளதென்பதை ஊவாவின் அனுபவம் கொண்டு ஈண்டு விளக்கலாம்.

1924ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைத் தோட்டங்களின் தேயிலை அதன்வழி கொழும்பு சென்ற காலத்தில், ஒட்டுப்பலகைப் பெட்டியே அதன் பொதியாக இருந்தது. மரச்சட்டம், உலோக விளிம்பு, உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள் என்பன அதன் உறுப்புகள். இங்கிலாந்தை அடைந்து வெறுமையான பெட்டி அங்கு வீடு மாறுவோரின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்தது. அதாவது, பெட்டி மீளப் பயன்பட்டது உண்மையே; ஆனால் அப்பயனை அடைந்தவர்கள் இறக்குமதி செய்த நாட்டவர்.

தொடக்கத்திற் பலகை வெளிநாடுகளிலிருந்து வந்தது. பின்னர் கிந்தோட்டையில் அரச ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது. தேயிலைப் பெட்டி உள்ளிட்ட தேவைகளுக்கான ஒட்டுப்பலகைக்கென 1970களின் தொடக்கத்திற் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கள் இறங்கின. எதிர்ப்பு வலுத்ததன் பின் 1977இல் மரவெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. ஒருமுறை மட்டுமே ஏற்றுமதியாகும் பெட்டிக்காக, பல நூற்றாண்டு வளர்ந்த மரங்கள் வீழ்த்தப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

கொள்கலன் போக்குவரத்துப் பரவியதும், பெட்டியின் இடத்தைப் பல மடிப்புக் காகிதச் சாக்கு கைப்பற்றியது. அதற்கான சர்வதேச நியமம் 1994இல் வெளியாயிற்று. சாக்குகளை அடுக்கித் தூக்கப் ‘பலட்’ எனப்படும் அடித்தட்டு வந்தது. இத்தட்டே இன்றைய விதிகளின் மையமாகும்.

பதப்படுத்தாத மரத்தில் வண்டும் புழுவும் கடல் கடக்கின்றன. 1996இல் நியூயோர்க்கிற் கண்டறியப்பட்ட ஆசிய நெடுங்கொம்பு வண்டு இதற்குச் சான்று. தாவர நோயின் சமூக விளைவை ஊவா முன்னரே அறியும். 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றிற் காணப்பட்ட இலைத்துரு நோய், அடுத்த இரு தசாப்தங்களில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரத்தையே வீழ்த்தியது. ஆகவே தாவரப் பாதுகாப்பு விதியை முற்றாக அந்நியச் சதியென ஒதுக்குதல் பொருந்தாது.

2002இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு நியமம் 15 கூறுவது இது: பொதிமரம் பட்டை நீக்கப்பட்டு, அதன் உள்ளகம் வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, முத்திரை பெறல் வேண்டும். மெதைல் புரோமைட்டுப் புகையூட்டலும் ஏற்கப்படுவதாயினும், அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது. ஒட்டுப்பலகையும் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய மரமும் விதிவிலக்குப் பெறும். எனவே பழைய பெட்டி இன்று புறப்படின், பலகை தப்பும். தடித்த மரச்சட்டம் அகப்படும்.

தெரிவு எவ்வாறு அமைதல் வேண்டும்? உலர்ந்த தேயிலை ஈரத்தையும் மணத்தையும் விரைந்து உறிஞ்சும். ஆதலின் அதனை நேரே தொடும் உறையை மீளப் பயன்படுத்தல் ஆபத்தானது. மீள்பயன் வெளித்தட்டுக்கே உரியது. முத்திரை பெற்ற மரத்தட்டு, பழுதின்றி இருக்குமளவும், மீண்டும் சூடாக்காமலே பயணம் செய்யலாம். அதன் உறுப்புகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரை மாற்றின் அது பழுதுபார்த்தல். புதிய துண்டுகள் பதப்படுத்தப்பட்டுத் தனித்தனி முத்திரை பெறல் வேண்டும். அதற்கு மேற்படின் பழைய முத்திரைகளை அழித்து, முழுவதையும் மறுபடி பதப்படுத்த வேண்டும். பிளாத்திக்குத் தட்டு இவ்விதிக்கு உட்படாது, கழுவவும் இலகுவானது. ஆனால் அதன் விலை, அது திரும்பி வந்தாலன்றி ஈடாகாது.

இங்குதான் சிக்கல். பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் லொறி திரும்பி வருகின்றது. கடல் கடந்த தட்டோ பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே தொழிற்சாலைக்கும் கொழும்புக் களஞ்சியத்திற்கும் இடையே பிளாத்திக்குத் தட்டும், கடல் வழிக்குச் சூடாக்கிய மரத்தட்டும் என்பதே பொருத்தமான பிரிவினை. கடலுக்கு அப்பாலும் மீள்பயன் வேண்டுமெனக் கொள்வனவாளர் கோரின், திரும்பும் கூலியை ஏற்பவர் யார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும். எழுதப்படாவிடின் அச்செலவு படிப்படியாகக் கீழிறங்கி, ஈற்றிற் கொழுந்து பறிப்பவளின் கூலிப் பேச்சுவார்த்தையில் ‘உற்பத்திச் செலவு’ என்னும் பெயருடன் எதிர்ப்படும். தேயிலைப் பெட்டியின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவேயாகும்.