முன்சில்லின் ஓசை

வானொலி நேயர்கள் ஓசையைக் கேட்டே உலகை அறிபவர்கள். பேசுபவரின் முகத்தைக் காணாமலே, அவருக்குத் தடிமன் பிடித்திருக்கின்றதா, அவர் களைப்புற்றிருக்கின்றாரா என்பதைக் குரலைக்கொண்டே உணர்ந்துவிடுவார்கள். ஆதலின், ஓசையொன்றைப் பின்தொடர்ந்து சென்று அதன் பிறப்பிடத்தைக் காண்பது எவ்வாறு என்னும் இன்றைய பொருள் தங்களுக்கு அந்நியமாக இராது என நம்புகின்றேன். நான் எடுத்துக்கொண்டது இசையுமன்று, இலக்கியமுமன்று. பழைய ஜீப் வண்டியொன்றின் முன்புறத்திலிருந்து எழும் 'டொக்' என்னும் ஓசையே அது. கலைப்பட்டதாரியான பாடசாலை அதிபருக்கு மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். கிறவல் வீதியின் அந்தத்திலே பாடசாலை நடத்துபவரை அவ்வேலை தானாகவே தேடி வந்துவிடுகின்றது.

நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் விசை செல்லக்கூடிய உயரமான வண்டி எதுவாயினும், அதனைச் செய்தவர் யாராயினும், ஜீப் என்றே அழைப்பது நம் நாட்டு வழக்கம். அவ்வழக்கையே நானும் கைக்கொள்கின்றேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டுக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கிற்று. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், இருபது முப்பது வயதான வண்டிகளைத் திருத்தித் திருத்தியே நம்மவர்கள் ஓட்டினார்கள். தடை நீங்கிய பின்னரும் புதிய வண்டி வாங்கும் வல்லமை பலருக்கு இல்லை. ஆகவே, பழைய வண்டியின் முனகலைச் சரியாகக் கேட்டறிவது பொழுதுபோக்கன்று. வீட்டுச் செலவோடும், சிலவேளைகளில் உயிரோடும் தொடர்புடைய காரியமாகும்.

முதலில் வண்டியின் முன்புறம் எவ்வாறு அமைந்துள்ளதென்பதைச் சிறிது நோக்குவோம். 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரத்துக் கண்காட்சியிலே முதன்முதல் வைக்கப்பட்ட லான்ட் றோவர் வண்டியில், இரு முன்சில்லுகளையும் ஒரே விறைத்த அச்சு இணைத்தது. அவ்வச்சு வில்லுத் தகடுகளின்மேல் தங்கியது. 1982இல் வந்த பஜெரோ போன்ற வண்டிகளிலோ ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும். அவ்வாறு அசைவதற்காகச் சில்லொன்றுக்கு மேற்கை, கீழ்க்கை என இரண்டு உருக்குக் கைகள் உண்டு. கைகளின் உட்புற நுனிகள் றப்பர் புஷ்களின் துணையோடு அடிச்சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். வெளிப்புற நுனிகளிலே, மெக்கானிக்மார் 'போல் ஜொயின்ற்' என்று கூறும் மூட்டுகள் இருக்கும். நமது தோளிலும் இடுப்பிலும் உள்ளதாக விஞ்ஞானப் பாடத்தில் படித்த பந்துக்கிண்ண மூட்டுத்தான் அது. உருக்குப் பந்தொன்று கிண்ணத்துள் அமர்ந்து, சில்லு மேலும் கீழும் அசையவும், இடமும் வலமும் திரும்பவும் இடங்கொடுக்கின்றது. இவற்றோடு அதிர்ச்சி தாங்கும் சொக் அப்சோபர், வளைவுகளில் வண்டி சாயாது காக்கும் ஸ்ரெபிலைசர் கம்பி, சுக்கானின் தண்டுகள், பிறேக்கின் உறுப்புகள், முன்சில்லுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகள் ஆகிய யாவும் ஒரு சாண் இடைவெளிக்குள் நெருங்கியிருக்கின்றன. இத்தனை உறுப்புகளில் ஓசை எழுப்புவது எது என்பதே வினா.

இங்கே செவி நம்மை ஏமாற்றிவிடுகின்றது. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வேகத்தில் செல்கின்றது. உருக்கிலோ செக்கனுக்கு 5,000 மீற்றருக்கும் மேலான வேகத்தில் விரைகின்றது. வலப்புறச் சில்லருகே எழும் தட்டல், அடிச்சட்டத்தின் குறுக்குத் துண்டு வழியாக ஓடி, இடப்புறக் கால்மிதித் தகரத்தை அதிரச்செய்யக்கூடும். வண்டிக்குள் இருப்பவர் அத்தகரத்தின் ஓசையையே கேட்கின்றார். மேலும், ஒலி வரும் திசையை இரு செவிகளையும் அது அடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள வேறுபாட்டைக்கொண்டே நாம் அறிகின்றோம். மூடிய வண்டிக்குள் எல்லாப் பக்கங்களிலும் பட்டுத் தெறித்து வரும் மந்தமான ஒலிக்கு அவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படாது. எனவே, 'இடப்பக்கத்தில்தான் கேட்கின்றது' என்னும் சாரதியின் சாட்சியத்தை முழுவதும் நம்பிவிடலாகாது.

ஓசை எங்கே கேட்கின்றது என்பதிலும் எப்பொழுது கேட்கின்றது என்பதே பயன்மிக்க கேள்வி. இதனை உதாரணங்களால் விளக்குகின்றேன்.

வண்டியின் வேகம் கூடக் கூட உயர்ந்துசெல்லும் 'ஹூம்' என்ற இரைச்சலை எடுத்துக்கொள்வோம். அது டயரின் ஓசையாகவும் இருக்கலாம். சில்லின் பெயாரிங், அதாவது பாடநூல்கள் போதிகை என்று குறிக்கும் உறுப்பு, தேய்ந்தமையாலும் இருக்கலாம். ஒப்பரவான காப்பெற் வீதியிலிருந்து கரடான வீதிக்குச் செல்லும்போது ஓசையின் தன்மை மாறுமாயின் டயரையே ஐயுறலாம். வீதி மாறியும் ஓசை மாறாதிருந்து, வண்டி இடப்புறம் வளையும்போது மிகுந்து, வலப்புறம் வளையும்போது தணியுமாயின், வலப்புறப் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இடப்புறம் திரும்பும் வண்டியின் பாரம் வலப்புறச் சில்லிலே சாய்வதே இதற்குக் காரணம்.

சுக்கானை முற்றாகத் திருப்பிக்கொண்டு புறப்படும்போது 'டிக் டிக் டிக்' என ஒழுங்காக எழும் ஓசை வேறுவகையானது. முன்சில்லுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் வெளிமூட்டுத் தேய்ந்துவிட்டதை அது பெரும்பாலும் காட்டும். அம்மூட்டின் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் சில்லின் உட்புறமெங்கும் தெறித்திருந்தால் ஐயம் உறுதிப்படும். முன்னோக்கிய கியரிலிருந்து பின்னோக்கிய கியருக்கு மாற்றும்போது ஒரேயொரு தடவை 'டக்' என்று கேட்பின், அடியிலே நீண்டு கிடக்கும் தண்டின் குறுக்கு மூட்டுகளைப் பார்க்க வேண்டும். குலுங்கும் வீதியிலே கடகடவென்று கேட்கும் ஓசை, பிறேக்கை மெல்லத் தொட்டவுடன் நின்றுவிடுமாயின், பிறேக் கட்டைகளோ அவற்றைப் பற்றும் உறுப்போ தளர்ந்துள்ளன. கோடைகாலத்தில் கிரீச்சிட்டு, மழை பெய்த அன்று மௌனமாகும் ஓசை, பெரும்பாலும் உலர்ந்துபோன றப்பர் புஷ்ஷின் முறைப்பாடாகும். அதனைச் சோதிப்பதற்குச் செம்பு நீர் போதும். ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, எதனை நனைத்தபோது ஓசை அடங்கிற்று என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சிறு காரணங்களையும் மறந்துவிடலாகாது. கட்டுத் தளர்ந்த பற்றரி, கொளுவி இறுகாத முன்மூடி, தன் இடத்தில் பூட்டப்படாத ஜக்கு, பிறேக் வட்டுக்கும் அதன் தூசித் தகரத்துக்கும் இடையே சிக்கிய சிறு கல் ஆகிய இவையெல்லாம் பெரிய நோய்களைப்போல் நடிக்க வல்லவை. பணம் செலவிடுமுன் இவற்றைப் பார்ப்பது முறை. ஓசை தொந்தரவாக இருக்கின்றதென்று வானொலியின் சத்தத்தை உயர்த்திக்கொள்ளும் சாரதிகளும் உளர். வானொலியில் பேசுபவன் என்ற அளவில் நான் அதனை வரவேற்கவே வேண்டும். ஆயினும் அது வைத்தியமாகாது.

எனது நண்பர் ஒருவரிடம் இருந்த ஜீப்பின் கதையை இங்கே கூறுவது பொருத்தமாகும். அவர் ஓய்வுபெற்ற அலுவலர். எமது பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிகளுக்கு ஏற்றிச்செல்வதற்கு அந்த ஜீப்பையே தந்துதவுவார். கிறவல் வீதியில் மெதுவாகச் செல்லும்போது முன்புறத்தில் 'டொக்' என்று கேட்கும். பெருந்தெருவில் வேகமாகச் சென்றால் கேட்காது. ஒரு கராஜில் சொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினார்கள். ஓசை நிற்கவில்லை. இன்னொரு கராஜில் ஸ்ரெபிலைசர் கம்பியின் புஷ்களை மாற்றினார்கள். ஒரு வாரம் குறைந்ததுபோலத் தோன்றி, மீண்டும் வந்தது. ஒரு மாத ஓய்வூதியத்துக்கும் மேலான தொகை இவ்வாறு கரைந்தது. அந்தக் கராஜ்காரர்களை நான் குறைகூற விரும்பவில்லை. பத்து வண்டிகளில் ஏழு வண்டிகளுக்குப் பொருந்தும் விடையை எட்டாவதற்கும் கூறுவது மனித இயல்பு. மாணவரின் விடைத்தாள்களில் நான் நாள்தோறும் காண்பதும் அதுவே.

மூன்றாவதாக, தொழிலைவிட்டு வீட்டிலிருந்த முதியவர் ஒருவரிடம் வண்டி சென்றது. அவர் அரைமணி நேரம் வரையில் ஆயுதம் எதனையும் தொடவில்லை, கேள்விகளையே கேட்டார். இரு முன்சில்லுகளும் ஒன்றாக வேகத்தடையில் ஏறும்போது கேட்கின்றதா, ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் விழும்போதா? இரண்டிலும் கேட்கும் என்றார் நண்பர். அப்படியானால் ஸ்ரெபிலைசரை முதலில் விட்டுவிடலாம் என்றார் முதியவர். இரு சில்லுகளும் சமமாக ஏறும்போது அக்கம்பி முறுக்குண்பதில்லை. ஆகவே அதன் இணைப்புத் தண்டுகள் தட்டுவதற்கு அங்கே காரணம் குறைவு. நின்ற இடத்தில் சுக்கானைத் திருப்பும்போது கேட்கின்றதா? சில நாட்களாக அங்கும் கேட்கின்றது. இந்த விடையைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிற்று.

பின்னர் ஒருவரைச் சுக்கானை இடமும் வலமும் திருப்பச் செய்து, நீண்ட திருப்புளியொன்றின் நுனியை ஒவ்வொரு மூட்டிலும் வைத்து, அதன் பிடியைத் தம் செவியின் பின்னெலும்பில் அழுத்திக் கேட்டார். 1816ஆம் ஆண்டில் பிரான்சிய வைத்தியர் லென்னெக் தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டமையிலிருந்தே வைத்தியரின் இதயத்துடிப்புக் குழாய் பிறந்தது. முதியவரின் திருப்புளியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இடப்புறத்தில் ஒன்றுமில்லை. வலப்புறக் கீழ்மூட்டில் தட்டல் தெளிவாகக் கேட்டது. நண்பரோ அந்நாள் வரையும் ஓசை இடப்புறத்ததென்றே சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

கேட்டதைக் கண்ணாலும் காணவேண்டுமல்லவா? இச்சோதனையில் பலர் வழுவும் நுட்பமொன்று உண்டு. அந்த ஜீப்பில் ஸ்பிரிங் கீழ்க்கையின்மேல் அமர்ந்திருந்தது. அத்தகைய வண்டியை அடிச்சட்டத்தின்கீழ் ஜக்கு வைத்து உயர்த்தினால், ஸ்பிரிங் கீழ்க்கையைக் கீழ்நோக்கித் தள்ளி மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டுப்போலத் தோன்றும். ஆகவே, கீழ்க்கையின் வெளிநுனிக்கு அருகில் ஜக்கு வைத்துத் தூக்கவேண்டும். அப்பொழுது ஸ்பிரிங்கின் பாரத்தை ஜக்கு ஏற்கின்றது, மூட்டு விடுபடுகின்றது. முதியவர் அவ்வாறே தூக்கி, அடிச்சட்டத்துக்கு உறுதியான தாங்கியும் வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின்கீழ் எவரும் தலையை நுழைக்கக்கூடாது. பிறகு சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினார், தளர்வு தெரிந்தது. பிறேக்கை மிதிக்கச்சொல்லி மறுபடியும் ஆட்டினார். பெயாரிங் தேய்ந்திருந்தால் பிறேக் பிடித்தவுடன் அத்தளர்வு மறைந்திருக்கும். மறையவில்லை. அலவாங்கை டயரின் அடியில் கொடுத்து மெல்ல நெம்பினார். பந்து கிண்ணத்திலிருந்து எழுந்து மீண்டும் அமர்வதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். றப்பர் உறை வெடித்து, உள்ளே கிறீஸுக்குப் பதிலாகத் துருக்கலந்த சேறு இருந்தது.

இந்த மூட்டுக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும். புஷ் தேய்ந்தால் ஓசை வரும். டயர் ஒருபக்கமாகத் தேயும். வண்டி மேலும் ஓடிக்கொண்டிருக்கும். சொக் அப்சோபர் பழுதானால் வண்டி துள்ளும். கீழ்மூட்டுக் கழன்றாலோ சில்லைக் கீழே பற்றியிருக்கும் பிடியே இல்லாமற் போகும். சில்லு மடங்கி விழ, வண்டியின் மூக்கு நிலத்தில் குத்தும். சுக்கான் சாரதியின் சொற்கேளாது. மெதுவாகத் திரும்பும்போது இது நிகழ்ந்தால் தப்பிவிடலாம். பெருந்தெருவில் எதிரே பேருந்து வரும்போது நிகழ்ந்தால் யாது விளையும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அதற்கு முந்திய சனிக்கிழமை அதே ஜீப்பில் எமது பாடசாலையின் ஒன்பது பிள்ளைகள் போட்டிக்குப் போய் வந்திருந்தார்கள்.

ஓசை வேகத்தில் கேளாமற்போனமை நண்பருக்கு ஆறுதலளித்திருந்தது. அது தவறான ஆறுதல். வேகத்தில் டயரின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் தட்டலை மூடிவிட்டன, அவ்வளவே. அதுபோலவே, முன்பு பள்ளத்தில் மட்டும் கேட்ட ஓசை பின்பு நின்ற இடத்தில் திருப்பும்போதும் கேட்கத் தொடங்கினால், நோய் முற்றுகின்றதென்று கொள்ளவேண்டும். அத்தகைய வண்டியைக் கராஜுக்கு ஓட்டிச் செல்வதிலும், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைப்பது நன்று.

இன்று உறுப்புகளில் கொளுவிவிட்டு, வண்டி ஓடும்போதே ஓசையைச் செவிப்பொறியில் கேட்கத்தக்க சிறு ஒலிவாங்கிகள் விற்பனைக்கு உள்ளன. நான்கு இடங்களில் பொருத்தி, மாறிமாறிக் கேட்கலாம். அவற்றை வாங்க இயலாதவர்கள் சிறு கொப்பியொன்றில் ஓசை எழுந்த வேளை, வேகம், வீதி, சுக்கானின் திசை, பிறேக் பிடித்திருந்ததா என்பனவற்றை ஒரு வாரம் குறித்துவந்தால், மெக்கானிக்கின் அரைநாள் வேலை குறையும்.

நண்பரின் ஜீப்புக்கு இருபுறத்துக் கீழ்மூட்டுகளும் மாற்றப்பட்டன. இடப்புறம் தட்டவில்லையாயினும் அதன் வயதும் வலப்புறத்தின் வயதே. மூட்டின் நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கிய பின், அது கழலாதிருக்க ஊடே செருகும் கொட்டர் பின்னைப் புதிதாகவே இடவேண்டும். வளைத்து நிமிர்த்திய பழையது முறிந்துவிடும். பின்பு சில்லுகளின் நேர்மையைக் கருவியால் அளந்து சீராக்கினார்கள். அது முடிந்ததும் முதியவர் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டு, முன்பு ஓசை கேட்ட அதே கிறவல் வீதியில், அதே மெதுவான வேகத்தில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுமாறு நண்பரைப் பணித்தார். இரண்டு கட்டை தூரம் வரை ஒருவரும் பேசவில்லை. பின்னிருக்கையின்கீழ் ஜக்கு உருளும் ஓசை மட்டும் கேட்டது.