கொடையும் சட்டமும்: அமெரிக்கக் கொடையாளர் ஆலோசனை நிதியங்கள்

கொடை ஈவோனின் விருப்பைச் சார்ந்தது. எனினும், அவ்விருப்பு எவ்வழிச் செல்லும் என்பதைப் பெரிதும் சட்டமே வகுக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கு 1917 முதல் அறக்கொடைக்கு வருமான வரிக் கழிவு வழங்கப்படுகின்றது. செல்வர்கள் நிறுவிய தனியார் அறநிலையங்கள் ஆண்டுதோறும் கட்டாயமாக நிதி வழங்கவேண்டும் என 1969 ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் விதித்தது. இன்று அவ்வளவு, முதலீட்டுச் சொத்தின் பெறுமதியில் 5 வீதமாகும்.

கொடையாளர் ஆலோசனை நிதியத்துக்கோ இவ்விதி இல்லை. கொடையாளர் பொது அறநிறுவனமொன்றிடம் பணத்தையோ பங்குகளையோ ஒப்படைத்து, அவ்வாண்டிலேயே வரிக் கழிவு பெறுகின்றார். அதனை யாருக்கு, எப்போது வழங்கலாம் எனப் பின்னர் ஆலோசனை கூறுகின்றார். 1931 இல் நியூயோர்க்கில் தோன்றிய இம்முறை, 1991 இல் பிடெலிட்டி என்னும் முதலீட்டுக் கம்பனி இத்துறையிற் புகுந்தபின் பெருவளர்ச்சி கண்டது. 2006 ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் இந்நிதியங்களுக்கு வரைவிலக்கணம் தந்தது. தனியாட்களுக்கு அவற்றிலிருந்து வழங்கப்படும் பணத்துக்கு 20 வீத வரியும் விதித்தது. ஆயின், வழங்குதற்குரிய காலவெல்லை எதனையும் அது குறிக்கவில்லை.

இதன் விளைவு யாது? தனியார் அறநிலையமொன்று இத்தகைய நிதியத்துக்குப் பணத்தை மாற்றியே தன் 5 வீதக் கடமையை நிறைவேற்றிக்கொள்ளலாம். ஒரு வாயிலை அடைத்த சட்டம் மறுவாயிலைத் திறந்துவைத்தது எனலாம். இந்நிதியங்களின் சராசரி வழங்கல் 5 வீதத்தினும் மிக்கது என்பர் ஆதரிப்போர். அது உண்மையே. ஆனால், பல்லாண்டு அசையாது கிடக்கும் கணக்குகளைச் சராசரி மறைத்துவிடும்.

வரிக் கழிவினால் அரசு இழப்பது பொதுமக்களின் பணம். ஆதலின், பொருள் ஈவோன் கையை நீங்கும் நாளை மட்டுமன்றி, ஏற்போன் கையை அடையும் நாளையும் சட்டம் கருத்திற் கொள்ளவேண்டும் என்பதே எமது துணிபு.