ஹட் பேயில் ஒரு பழைய ஜீப் எரிவாயுவில் ஓடுமா?

ஹட் பேயில் வண்டிக்கு ஊற்றும் ஒவ்வொரு சொட்டு பெட்ரோலும் கடல் தாண்டித்தான் வருகிறது. போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது லிட்டில் அந்தமான் தீவு. அதன் துறைமுகம் ஹட் பே. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துக் கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். கப்பலோடு சேர்ந்து சரக்கும் தள்ளிப்போகும். ஊரைத் தாண்டி எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கும் பட்லர் பே கடற்கரைக்கும் நேதாஜி நகருக்கும் போகிற வழியில், மழைக்காலத்துச் சேற்றைச் சமாளிக்க நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். வில்லீஸ் வழிவந்த மஹிந்திரா ஜீப்பும் மாருதி ஜிப்ஸியும் அப்படிப்பட்ட பாதைக்கென்றே பிறந்தவை.

அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சினைப் புரொப்பேனில், அதாவது நம் நாட்டில் கிடைக்கும் புரொப்பேன்–பியூட்டேன் கலவையான எல்.பி.ஜி.யில் ஓட்ட முடியுமா? முடியும். நன்றாகவே ஓடும். ஆனால் எஞ்சின் சம்மதித்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. டேங்க் சரியாக இருக்க வேண்டும். அதை நிரப்ப ஊரில் வசதியும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாற்றத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது.

கரி பஸ் ஓடிய காலம்

பெட்ரோல் வண்டியை வாயுவுக்கு மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் ரேஷன் வந்தது. அப்போது மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்ற சாதனத்தைத் தயாரித்தார். மரக்கரியைக் குறைவான காற்றில் கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதை வடிகட்டி, குளிரவைத்து, பெட்ரோல் எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். அந்த வாயுவில் பாதியளவு எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழும். மேட்டில் பஸ் திணறும். இருந்தும் ஓடியது. காரணம், கரி எல்லா ஊரிலும் கிடைத்தது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் அந்த அடுப்புகள் வண்டியிலிருந்து இறங்கின.

பின்னாளில் சென்னை, பெங்களூரு ஆட்டோக்கள் எல்.பி.ஜி.க்கு மாறியதும் இதே வழியில்தான். 2000இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, எல்.பி.ஜி. வாகன எரிபொருளாக அனுமதிக்கப்பட்டது. 2001இல் அதற்கான தனிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நகரத்துக்குள் ஆட்டோ கேஸ் பம்ப்புகள் திறந்தன. அதன் பிறகுதான் வாயுவுக்கு மாற்றும் கிட் பொருத்துவது பிழைப்புக்கு உதவும் செலவாக மாறியது. இரண்டு கதையிலும் எஞ்சின் சுலபமாகப் பழகிக்கொண்டது. மாற்றத்தை நிலைநிறுத்தியது, எரிபொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

டேங்கில் எல்.பி.ஜி. அழுத்தத்தின் கீழ் திரவமாக இருக்கிறது. அது செம்புக் குழாய் வழியாக முன்பக்கம் வந்து, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வைக் கடந்து, ரெகுலேட்டருக்குள் நுழைகிறது. அங்கே அழுத்தம் குறைந்து வாயுவாகிறது. பிறகு கார்புரேட்டரின் வாயில் பொருத்திய மிக்ஸரில் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகிறது.

இந்த ரெகுலேட்டரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். திரவம் வாயுவாக மாற வெப்பம் தேவை. ஒரு கிலோ புரொப்பேனுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல். அந்த வெப்பத்தை அது ரெகுலேட்டரின் உலோகத்திலிருந்தே உறிஞ்சும். ஹட் பேயின் 30 டிகிரி வெயிலில்கூட, வெப்பம் கொடுக்காத ரெகுலேட்டர் சில நிமிடங்களில் வியர்த்து, மேலே வெண்ணிறப் பனி படிந்து, உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ரேடியேட்டர் சுடுநீரை அதன் வயிற்றுக்குள் சுற்றவிடுகிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலில் கிளப்பி, நீர் சூடானதும் சுவிட்சைத் தட்டி வாயுவுக்கு மாற்றுவதும் இதனால்தான்.

ஒரு விஷயத்தில் அந்தமான் கொடுத்துவைத்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியில். கனடாவின் குளிர்காலத்தில் பியூட்டேன் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். அங்கே புரொப்பேன்தான் வேண்டும். ஹட் பேயில் அந்தக் கவலை இல்லை. பியூட்டேன் கலந்த வாயுவும் ஆண்டு முழுவதும் டேங்கில் போதிய அழுத்தம் தரும்.

திறன் கொஞ்சம் குறையும். புரொப்பேன் முழுமையாக எரிய, ஒரு பங்கு வாயுவுக்கு 24 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் இழுக்கும் கலவையில் சுமார் 4 சதவீத இடத்தை வாயுவே பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் காற்று குறைகிறது. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிரவைத்து அடர்த்தியாக்கும். அந்த உதவியும் இங்கே கிடைக்காது. இரண்டும் சேர்ந்து 5 முதல் 10 சதவீதம் வரை இழுவை குறையலாம்.

அதை ஈடுகட்ட ஒரு வழி உண்டு. புரொப்பேனின் ஆக்டேன் எண் 100ஐத் தாண்டியது. அழுத்த விகிதத்தைக் கூட்டினாலும் எஞ்சின் ‘நாக்’ அடிக்காது, அதாவது கலவை தாறுமாறாக வெடித்து உள்ளே தட்டாது. பழைய ஜீப்பின் ஹரிகேன் எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7க்கு 1தான். வாயுவின் அந்த நல்ல குணம் அதில் வீணாகிறது. ஜிப்ஸியின் எஞ்சின் அதைவிட உயர்ந்த விகிதம் கொண்டது. அதில் பலன் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

மேடு பள்ளத்தில் கிடைக்கும் ஆதாயம்

கரடுமுரடான பாதையில்தான் வாயு தன் மதிப்பைக் காட்டுகிறது. கார்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம், அதில் மிதவை. வண்டி செங்குத்தாக ஏறும்போதும் ஒருபக்கம் சாயும்போதும் கிண்ணத்துப் பெட்ரோல் சரிந்துவிடும். ஒருசமயம் பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூச்சுத் திணறும். இன்னொரு சமயம் பெட்ரோல் எட்டாமல் எஞ்சின் அணையும். வாயுவில் இந்தத் தொல்லை கிடையாது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப வாயுவை விடுகிறது. வண்டி எப்படிச் சாய்ந்தாலும் அது பெரிதாகக் கலங்காது.

வாயு சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவாது. எஞ்சின் ஆயிலும் அதிக நாள் சுத்தமாக இருக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பெட்ரோல் கெட்டுப் பிசின் பிடிக்கும். மூடிய டேங்கில் உள்ள வாயு அப்படியே இருக்கும். இரண்டு எரிபொருளிலும் ஓடும் வண்டி, கப்பல் தாமதமாகும் ஊரில் ஒரு காப்பீடு. புகையிலும் நன்மை உண்டு: ஒரே அளவு ஆற்றலுக்கு எல்.பி.ஜி. வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு பெட்ரோலைவிடப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவு.

முதலில் எஞ்சினைத் திறந்து பாருங்கள்

பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் எரிந்து, வால்வு மூடும்போது அமரும் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகமும் உலோகமும் அடித்துத் தேயாமல் காத்தது. 2000இல் நாடு முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் வந்தபோதே அந்தக் காப்பு போய்விட்டது. வாயு இன்னும் வறண்டது. மென்மையான வார்ப்பிரும்பு சீட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிறங்கும். டாப்பெட் இடைவெளி மறையும். வால்வு முழுதாக மூடாமல் கருகும். கடினப்படுத்திய சீட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் லேத் பட்டறையில் போட்டுவிட்டுத்தான் வாயுவைப் பற்றி யோசிக்க வேண்டும். ஹரிகேன் எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். ஆகவே ஹெட்டை மட்டும் பட்டறைக்கு அனுப்பினால் வேலை முடியாது.

அடுத்தது தீப்பொறி. வாயுக் கலவையைப் பற்றவைக்க வலுவான பொறி வேண்டும். இன்டேக் குழாய் முழுவதும் எரியத் தயாரான கலவை நிறைந்திருப்பதால், பொறி தவறான நேரத்தில் விழுந்தால் ஏர் கிளீனர் வழியாக ‘படார்’ என்று பின்னடிக்கும். ஆண்டில் பாதிக்கு மேல் மழையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் வெடிப்பு விழுந்த பிளக் வயர் இதைச் சுலபமாகச் செய்யும். புது வயர், புது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, சற்றே குறுக்கிய பிளக் இடைவெளி, வாயுவுக்கு ஏற்பத் திருத்திய டைமிங் ஆகியவற்றை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

சமையல் சிலிண்டர் வேண்டவே வேண்டாம்

வாகன டேங்கும் அடுக்களை சிலிண்டரும் ஒரே வாயுவை அடைத்தவைதானே என்ற எண்ணம் உயிரைக் கேட்கும். அடுக்களை சிலிண்டர் நிமிர்ந்து நின்று, மேலிருந்து ஆவியை மட்டும் தரும்படி அமைந்தது. எஞ்சின் கேட்கும் வேகத்தில் ஆவியை எடுத்தால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழும். படுக்கவைத்தால், திரவத்துக்கென்று செய்யப்படாத ரெகுலேட்டருக்கும் ரப்பர் குழாய்க்கும் திரவம் பாயும். குலுங்கும் ஜீப்பில் அந்தக் குழாய் கழன்றால் தடுக்க எதுவும் இல்லை.

வாகனத்துக்கென்று செய்த டேங்க் வேறு பிறவி. திரவம் வெப்பத்தில் விரிய இடம் விட்டு, 80 சதவீதத்தில் நிரப்புதலைத் தானே நிறுத்தும் வால்வு அதில் உண்டு. குழாய் அறுந்தால் பாய்ச்சலை அடைக்கும் வால்வு உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் வெளியேற்றும் வால்வும், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்ததும் மூடும் சோலினாய்டும் உண்டு. சட்டமும் வாகனத்தில் நிலையாகப் பொருத்திய, அங்கீகாரம் பெற்ற டேங்கை மட்டுமே ஏற்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் தீவில் அந்தச் சோதனையைச் சடங்காக நினைக்க முடியாது.

ஒரு லிட்டர் திரவப் புரொப்பேன் கசிந்தால் சுமார் 270 லிட்டர் வாயுவாகும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அதாவது சுமார் 13,000 லிட்டர் காற்று எரியத் தயாராகிவிடும். வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே பறந்து போகாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கும். மழைக்குப் படுதா கட்டிய ஜீப்பின் தரையிலும், வண்டியை ஏற்றிச் செல்லும் கப்பலின் அடித்தளத்திலும் அது தேங்கும்.

தீவின் கணக்கு

அந்தமானில் பெட்ரோல் மீதான வாட் வரி 1 சதவீதம்தான். 2025இல் போர்ட் பிளேரில் லிட்டர் 82 ரூபாய் அளவில் விற்றபோது சென்னையில் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் பெட்ரோலின் முக்கால் பங்குக்குச் சற்று மேல் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலில் 8 கிலோமீட்டர் கொடுக்கும் ஜீப் வாயுவில் ஆறேகால் கிலோமீட்டர் கொடுக்கும். ஆகவே வாயுவின் விலை லிட்டருக்குச் சென்னையில் 78 ரூபாய்க்குக் கீழே இருந்தாலே மிச்சம். அந்தமானில் 64 ரூபாய்க்குக் கீழே இருந்தால்தான் மிச்சம். அதன் மேல் கப்பல் கூலி, கிட் விலை, வால்வு சீட் வேலை, சோதனைச் செலவு. பெருநிலத்து ஆட்டோக்காரருக்குக் கை கொடுத்த அதே கிட், தீவுக்காரருக்குக் கடனாகவும் முடியலாம்.

பழைய வண்டிக்காரர்கள் அஞ்சும் எத்தனால் கலப்பும் இங்கே வேறு மாதிரி இருந்தது. 2019 ஏப்ரலில் எத்தனால் கலப்புத் திட்டம் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டபோது அந்தமான், லட்சத்தீவுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எத்தனாலால் ரப்பர் உறுப்புகள் கெடும் என்ற காரணத்துக்காக வாயுவுக்கு ஓட அப்போது இங்கே அவ்வளவு அவசியம் இருக்கவில்லை.

ஹட் பே போன்ற ஊரில் பழைய ஜீப் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். ஊரிலேயே சட்டப்படி வாகன எரிவாயு நிரப்பும் வசதியும், டேங்கைச் சோதித்துத் தரும் ஆளும் கிடைக்காதவரை கிட்டுக்குப் பணம் போடாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வால்வு சீட்டுக்கும் பொறி அமைப்புக்கும் கார்புரேட்டருக்கும் செலவிடுங்கள். பெட்ரோலிலேயே மைலேஜ் கூடும், புகை குறையும். நாளைக்கு வாயு வந்தால் அதற்கும் எஞ்சின் தயாராக இருக்கும். நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை: தீவுகளுக்கு மாற்று எரிபொருள் என்று பேசும்போது, முதலில் துறைமுகத்தில் அதைப் பாதுகாப்பாக இறக்கவும் சேமிக்கவும் சோதிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். வண்டியை மாற்றும் வேலையை ஊர் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.