சாளை எங்கே போகிறது?

(நமது நிருபர்)

திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தமிழர்கள் பலருக்கு மீன் கறி என்றால் அது சாளைக் கறிதான். கோழிக்கோடு பக்கம் இதையே மத்தி என்பார்கள். கையிலிருக்கும் காசுக்கு ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிட உதவிய மீன் இது. அந்தச் சாளை 2024 ஜூன் மாதம், டிராலிங் தடைக் காலத்தில், கேரளச் சந்தைகளில் கிலோ 300 ரூபாயைத் தாண்டி விற்றது. ஏழையின் சட்டிக்கு இது எட்டாத விலை.

2012ஆம் ஆண்டில் கேரளக் கரையில் பிடிபட்ட சாளை ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021இல் கிடைத்ததோ 3,297 டன்தான். நூறு கூடை இறங்கிய கரையில் ஒரு கூடைகூட நிறையவில்லை எனலாம். பிறகு 2023இல் 1.38 லட்சம் டன்னாக உயர்ந்தது. இடையில் இந்த மீன் எங்கே போயிற்று?

கரையில் ஒரு கணக்கு

இதற்கு விடை தேடுவோர், 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார். தலைமையகம் கொச்சியில்; நமக்கு அருகே விழிஞ்ஞத்திலும் ஒரு மையம் உண்டு. இவர்கள் கரைக்குக் கரை சென்று, வள்ளங்களில் வந்த மீனை இனவாரியாகக் கணக்கெடுக்கின்றனர். சில மீன்களை அளந்து, நிறுத்து, வயிற்றைக் கீறி, தின்ற இரை என்ன, சினை எந்த நிலையில் இருக்கிறது என்றும் குறித்துக்கொள்கின்றனர். 1966 முதல் 1969 வரை, பார்சலுக்கு லேபிள் கட்டுவது போல, சாளைக்கும் அயிலைக்கும் அடையாளத் தகடு வைத்துக் கடலில் விட்டு, அவை எங்கே பிடிபடுகின்றன என்றும் பார்த்தார்கள்.

இரை இருக்கும் இடமே ஊர்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், கேரளக் கரையோரம் ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் உரச்சத்து மிகுதி. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. சாளைக்கு அவையே சோறு. பிரகிலேரியா என்னும் நுண்பாசி கடலில் மிகுந்தால் சாளையும் மிகும் என்று ஆர்.வி. நாயர், ஆர். சுப்பிரமணியன் ஆகிய இருவரும் 1955இலேயே எழுதினர். காற்றும் மழையும் பிசகினால் இரை குறையும். மீன் கூட்டமும் ஒதுங்கிவிடும்.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. 1980களின் நடுப்பகுதி வரை நாட்டில் பிடிபட்ட சாளை அநேகமாக முழுவதும் மேற்குக் கரையில்தான் கிடைத்தது. அதன் பின்னர் தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் ஏராளமாகக் கிடைக்கலாயிற்று. டாக்டர் இ. விவேகானந்தன் முதலிய விஞ்ஞானிகள் இதைக் கடல்நீர் சூடேறி வருவதோடு தொடர்புபடுத்தியுள்ளனர். பிழைப்புக்காக நாம் கிழக்கிலிருந்து மேற்கே வந்தோம். சாளை மேற்கிலிருந்து கிழக்கே போயிருக்கிறது!

மனிதன் செய்வது

எல்லாப் பழியையும் கடல்மேல் போட்டுவிட முடியாது. 2012க்குப் பிந்திய வீழ்ச்சிக்கு, எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பத்தோடு, அளவுக்கு மீறிப் பிடித்ததையும் குஞ்சு மீன்களை வாரியதையும் ஆராய்ச்சியாளர்கள் காரணமாகக் கூறுகின்றனர். சாளையின் ஆயுள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுதான். ஓராண்டில் சுமார் 15 சென்டிமீட்டர் வளர்ந்து முட்டையிடும் பருவம் எய்துகிறது. அதற்கு முன்பே பிடித்து மீன் தூளுக்கும் உரத்துக்கும் அனுப்பினால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

இதனால்தான் கேரள அரசு 2015இல், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கலாகாது என்று விதித்தது. இரண்டு தீப்பெட்டிகளை நீளவாக்கில் வைத்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். சந்தையில் அதைவிடச் சிறியது கூறு கட்டி மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமல் விடுவதே நமக்கு நன்மை.

காற்றையும் மழையையும் நாம் ஏவ முடியாது. வலையை அடக்க முடியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள் நம் ஊரில். கடலில் இருந்தால்தானே சட்டிக்கு வரும்!