கிரேக்கம் பேசாத கிரேக்க ஊர்

கோர்சிகாத் தீவின் அஜாக்சியோவிலிருந்து வடக்கே 50 கி.மீ. மலையும் கடலுமாக வளைந்து போகும் சாலையில் வருகிறது கார்ஜேஸ். சுற்றுலாக்காரர்கள் பலரும் இங்கே ஒரு காபியோடு சரி; பியானாவின் செம்பாறைகளைப் பார்க்கப் பறந்துவிடுகிறார்கள். இறங்கி நடப்பவர்கள் படமெடுப்பது இரண்டு தேவாலயங்களை. தோட்டங்கள் சரிந்து இறங்கும் ஒரு பள்ளத்தின் இந்தப் பக்கம் லத்தீன் கோயில், அந்தப் பக்கம் கிரேக்கக் கோயில். மனஸ்தாபம் தீர்ந்த சம்பந்திகளைப் போல எதிரெதிரே நிற்கின்றன. பல ஆண்டுகள் ஒரே பாதிரியார்தான் இரண்டிலும் பூசை வைத்தார்.

கிரேக்கக் கோயிலுக்குள் ஒரு பழைய படத்தில் திருமுழுக்கு யோவானுக்கு இறக்கை இருக்கிறது. கிழக்கத்திய மரபில் அவரை அப்படி வரைவதுண்டு. இவ்வூர்க் கிரேக்கர்களின் முன்னோர், 1676-ல் தென் கிரேக்கத்தின் மானியிலிருந்து, துருக்கியர் ஆட்சிக்குத் தப்பித் தீவில் வந்திறங்கிய சுமார் 600 பேர். அப்போது தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்கள் நிலம் கொடுத்தார்கள். போப்பை ஏற்க வேண்டும், வழிபாடு கிரேக்கத்திலேயே நடக்கலாம் என்பது ஏற்பாடு. 1731-ல் ஜெனோவாவுக்கு எதிராகக் கிளம்பிய கோர்சிகர்கள் இவர்களை விரட்டியடித்தார்கள். தீவு பிரான்ஸிடம் போன பிறகு, 1770-களில்தான் கார்ஜேஸ் கிடைத்தது.

வழிகாட்டிகள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய கடைசித் தலைமுறை 1970-களில் மறைந்துவிட்டது. அகதிகளாக அலைந்தபோது விடாத மொழி, வீடு வாசல் கிடைத்த பிறகு போயிருக்கிறது! பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் கோர்சிகன், கலப்பு மணங்கள் பெருகியதும் அடுப்படியிலும் கோர்சிகன். 1870-களில் பல குடும்பங்கள் அல்ஜீரியாவுக்குக் கப்பலேற, பேச்சுத்துணையும் குறைந்தது.

பகை ஓய்ந்து கலந்துவிட்டார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஈஸ்டர் திங்களன்று திருவுருவப் படங்களைச் சுமந்து ஊர்வலம் போகிறார்கள், கிரேக்கத்தில் பாடுகிறார்கள். அம்மா சொல்லித்தந்த மொழியல்ல, கோயிலில் மனப்பாடம் செய்தது.

தீவு முழுக்கப் பெயர்ப்பலகைகள் இரு மொழியில் இருக்கின்றன. பல இடங்களில் பிரெஞ்சுப் பெயரைக் கறுப்புப் பெயின்ட்டால் அடித்துவிட்டு, கோர்சிகன் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சில பலகைகளில் துப்பாக்கிக் குண்டுத் துளைகளும் உண்டு. கிரேக்கத்தை விழுங்கிய அந்தக் கோர்சிகனே இன்று யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. தீவுப் பிள்ளைகள் பலருக்கு அது வாரத்தில் சில மணி நேரப் பாடம்.