மணல் அடிச்சா மரம் பேசும்!

'கௌரவம்' படம் பார்த்திருக்கீங்களா? 1973-ல் வந்தது. பாரிஸ்டர் ரஜினிகாந்தா வர்ற சிவாஜி, பைப்பை வாயோரமா கடிச்சுக்கிட்டு ஒரு லுக் விடுவாரே... அந்த பைப்தான் இன்னிக்கு மேட்டர். புகைக்கிறதைப் பத்தி இல்லீங்க. அது வாய்ப் புற்றுநோய்க்கு நாமளே போடுற அப்ளிகேஷன், தள்ளியே நில்லுங்க! நான் மயங்கினது அந்த மரத்தைப் பார்த்து.

நல்ல பைப் எல்லாம் 'ப்ரையர்' மரம். மத்திய தரைக்கடல் ஓரத்துல வளர்ற ஒரு புதர்ச்செடி. அதோட அடியில, மண்ணுக்குள்ள, உருண்டையா ஒரு முடிச்சு இருக்கும். காட்டுத்தீயில மேலே எல்லாம் கருகினாலும் இந்த முடிச்சுலேர்ந்துதான் மறுபடி துளிர் விடும். சூடு தாங்குற அந்த முடிச்சைத் தோண்டியெடுத்து, அறுத்து, மணிக்கணக்கா வேகவெச்சு, மாசக்கணக்கா காயவெச்சு, அப்புறம்தான் செதுக்குவாங்க. ஃபிரான்ஸ்ல செயின்ட் க்ளாட்னு ஒரு மலையூர், 19-ம் நூற்றாண்டிலேர்ந்தே இந்தத் தொழிலுக்குப் பேர் போனது.

சரி, செதுக்கியாச்சு. வழவழன்னு பாலிஷ் போட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு அது மேல மணலை அடிக்கணும்?

கிராமத்துப் பழைய மரக்கதவைத் தடவிப் பார்த்திருக்கீங்களா? வெயிலும் மழையும் பட்டுப் பட்டு, மரத்தோட மெத்துப் பகுதி தேய்ஞ்சிருக்கும். கெட்டியான ரேகை மட்டும் நரம்பு மாதிரி எழும்பி நிக்கும். அதே சங்கதிதான். மரத்துல வளையம் வளையமா மெத்து, கெட்டி, மெத்து, கெட்டின்னு மாறி மாறி வரும். கம்ப்ரஸர் காத்துல துகளைக் கலந்து நாஸில் வழியா அடிச்சா, மெத்து சீக்கிரம் அரிச்சுப் போயிடும். கெட்டி தாக்குப்பிடிக்கும். கதவுக்குப் பல வருஷம் ஆனது, இங்கே கொஞ்ச நேரத்துல முடியுது! மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல 'ஹார்ட்னஸ்'னு மனப்பாடம் பண்ணி வாந்தியெடுத்தோமே, அதைக் கையால தொட்டுப் பார்க்கலாம்.

அடிக்கிறதுக்கு முன்னாடி புகையிலை வைக்கிற குழி, குழல் செருகுற முனை, முத்திரை குத்துற இடம் எல்லாத்தையும் அடைச்சு மூடிடணும். மறந்தா ஃபிட்டிங் போச்சு, கம்பெனி பேரும் போச்சு. அப்புறம் கறுப்புச் சாயம் பூசி மேலாகத் தேய்ச்சா, பள்ளம் கறுப்பா நிக்கும், மேடு பளிச்சுன்னு தெரியும்.

இன்னொரு ரகசியம்: ப்ரையர்ல சின்னச் சின்னக் குழிகள் இருக்கறது சகஜம். வழவழ பைப்ல அது அசிங்கமாத் தெரியும். இங்கே அதுவும் டிசைனோட டிசைனாக் கரைஞ்சுடும். குறையை மறைக்கிற மேக்கப்னு கிண்டல் பண்றவங்களும் உண்டு. எனக்கென்னவோ வழவழப்பைவிட இதுதான் பிடிச்சிருக்கு.

மணலடிக்கும் முறைக்கு 1870-ல் அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினவர் பெஞ்சமின் டில்மேன். அதை பைப்புக்குக் கொண்டுவந்து, 1917-ல் 'ஷெல்' என்ற பெயரில் பிரபலமாக்கினவர் லண்டன் ஆல்ஃபிரட் டன்ஹில். பாய்லர் பக்கத்துல மறந்து வெச்ச ஒரு பைப், சூட்டுல சுருங்கி ரேகை எழும்பி நின்னதைப் பார்த்து அவருக்கு ஐடியா வந்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதைதான்!

இனி சொல்றது கதை இல்லை. மணல்ல இருக்கிற சிலிக்கா தூளாகி நுரையீரலுக்குள்ள போனா, அங்கேயே தழும்பாகிடும். பேரு சிலிகோசிஸ். வந்தா குணப்படுத்த முடியாது. வார்ப்படங்களுக்கு மணலடிக்கிற வேலையில சிலிக்கா மணலை பிரிட்டன் 1949 சட்டவிதிகள் மூலமா தடுத்தது. நாம ஸ்டைலா போடற நரைச்ச ஜீன்ஸுக்காக மணலடிச்ச துருக்கி இளைஞர்கள் பலர் இதே நோயில செத்தாங்க. அங்கே 2009-ல் தடை வந்தது. இன்னிக்குப் பல பைப் கலைஞர்கள் மூடின பெட்டிக்குள்ள கையுறை போட்ட கையை விட்டு, கண்ணாடி மணியோ அலுமினியம் ஆக்சைடோதான் அடிக்கிறாங்க.

போன செமஸ்டர் இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஓர் அண்ணன் மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு, திறந்த வெளியில மணல் அடிச்சுக்கிட்டிருந்தார். "மாஸ்க் போடலையாண்ணே?"ன்னு கேட்டேன்.

"அதைப் போட்டா மூச்சு முட்டுது தம்பி"ன்னார்.