நாடற்ற சிறுவனும் வானொலிப் பெட்டியும்

'நாடற்றவர்' என்னும் சொல்லை இராகலைத் தோட்டங்களின் முதியோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அச்சொல்லை அவர்தம் லயங்களுக்குட் கொணர்ந்தது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே விடுதலை அளித்தது. அதே பெயரைச் சுமந்து பிறந்த ஒருவர், பின்னாளில் நோர்வே நாட்டின் இசைக்கு உலகெங்கும் மதிப்புத் தேடித் தந்தார். அவரே சக்சபோன் கலைஞர் யான் கார்பாரெக்.

1947 மார்ச் 4ஆம் திகதி மீசென் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை, போர்க் கைதியாக நோர்வேக்கு வந்து சேர்ந்த போலந்து நாட்டவர். தாய், நோர்வே உழவர் ஒருவரின் மகள். அந்நாளில் அத்தகைய பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தானாகக் கிட்டவில்லை. பிறந்த மண்ணிலேயே ஏழு வயது வரை எந்நாட்டுக்கும் உரியவரல்லாது வளர்ந்தார்.

ஒஸ்லோ நகரில் வளர்ந்த அச்சிறுவனுக்குக் குருவாய் வாய்த்தது வானொலிப் பெட்டி. 1961இல், பதினான்கு வயதில், அமெரிக்கக் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் வாசிப்பை அதிற் கேட்டார். வேறெதிலும் மனம் செல்லவில்லை. வாத்தியம் கைக்கு வருமுன்பே நூலைப் பார்த்து விரல் வைக்கும் முறையைப் பழகிக்கொண்டார் எனின், அவ்வேட்கையை என்னென்பது! மறு ஆண்டே இளங்கலைஞர் போட்டியொன்றில் வென்றார்.

சக்சபோன் பித்தளையால் ஆயது. எனினும் நாதசுரத்தைப் போன்றே நாணற் சீவாளி அதிர்ந்துதான் அதிலும் ஒலி பிறக்கிறது. நாதசுரச் சீவாளி இரட்டை, இதனது ஒற்றை. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த இசை. நம் வித்துவான்கள் ஆலாபனையிற் காட்டும் மனோதர்மமே அதற்கும் உயிர்.

பிறர் சுரங்களை மழையெனப் பொழிந்தனர், கார்பாரெக்கோ குறைத்தார். ஒரு சுரத்தை நீட்டி, அது தேய்ந்து மறையும் வரை பொறுத்திருப்பார். நோர்வே நாட்டார் பாடல்களின் சாயலும் அதிற் படிந்தது. பனிபோற் குளிர்ந்த இசை எனக் குறை சொன்னோரும் உளர். மலைநாட்டுக் குளிரறிந்த செவிக்கு அது குறையாகத் தோன்றாது. ஜேர்மனியின் இ.சி.எம். நிறுவனம் 1970இலிருந்து அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தது. நால்வர் பாடிய பழைய தேவாலயப் பாடல்களோடு அவர் சக்சபோன் இழைந்த 'ஒஃபீசியும்' 1994இல் வெளிவந்து, பத்து இலட்சத்துக்கும் மேலாக விற்பனையாயிற்று.

இலங்கைத் தமிழர்க்கும் இவ்வரலாற்றில் ஓர் உறவு உண்டு. வயலின் மேதை வி. இலக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அவர் குடும்பம் இந்தியாவுக்குப் பெயர்ந்தது. இளமையை யாழ்ப்பாணத்திற் கழித்த அவருடைய மைந்தர் எல். சங்கர், பத்துத் தந்திகள் பூட்டிய இரட்டைக் கழுத்து வயலினை ஏந்தி, 1983இலும் 1985இலும் வெளிவந்த இசைத்தட்டுகளிற் கார்பாரெக்குடன் இணைந்தார். பிந்திய தட்டில், வயலினுக்கும் சக்சபோனுக்கும் இடையே சாகிர் உசேனின் தபலாவும் ஒலிக்கிறது.